ஈரலில் நீர்க்கட்டி என்றால் என்ன செய்வது?



"நீர்க்கட்டி" என்று டாக்டர் சொன்னதும் நம் பெண்கள் சினைப்பையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இனி குழந்தை தங்காதோ என்று கலங்கிப் போகிறார்கள். நீர்க்கட்டி சினைப்பையில் மட்டும் வருவதில்லை, ஈரலிலும் வரும். கல்லீரல் என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதேதான் ஈரல். வலது பக்கம் விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதற்குள் நீர் நிறைந்த ஒரு பை இருந்தாலும் பல வருஷம் வலி தெரியாது. முன்காலத்தில் அது இருப்பதே தெரியாமல் போய்விடும். இப்போது கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கிறோம். குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் ஈரல் கட்டியும் கண்ணில் படுகிறது. அதனால் இந்த விஷயத்தைக் கணவன் மனைவி இருவருமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சில வருஷங்களுக்கு முன் ஆதிச்சநல்லூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். செம்மறி ஆடு வைத்திருக்கும் குடும்பம். வயல் அறுப்பு முடிந்ததும் தாமிரபரணிக் கரை நெடுகக் கிடை போடுகிறவர்கள். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது; ஆனால் ஈரலில் ஒரு கட்டி, ஆறு செ.மீ. அகலம் என்று எழுதியிருந்தது. நாய் மூலம் வரும் கட்டியாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் போனபோது அந்தப் பெண்ணுடைய தட்டும் டம்ளரும் தனியாகத் திண்ணையில் கிடந்தன. மாமியார் சொன்னார்: "பொறந்த வீட்டுலேருந்து கொண்டாந்த நோயி சார். எம் மவனுக்கும் தொத்திக்கிட்டா என்ன செய்ய?" மகன் ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

அந்த வீட்டில் நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

ஈரலில் காணப்படும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். பிறவியிலேயே பித்தக் குழாயின் ஒரு சிறு பகுதி ஒதுங்கி நின்று, நாளடைவில் நீர் கோத்து உண்டாகிறவை. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், வேறொன்றும் இல்லை. இதற்கு மருந்தும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம். மிகப் பெரிதாகி வயிற்றை அழுத்தினால் மட்டும் ஆபரேஷன் செய்வார்கள். டாக்டர் "இது சாதாரணக் கட்டி, விட்டுவிடலாம்" என்றால் நம்புங்கள். நான்கு இடம் போய் நான்கு ஸ்கேன் எடுத்துக் கடனாளியாகிறவர்களைப் பார்த்துவிட்டேன்.

சில குடும்பங்களில் ஈரல் முழுக்கச் சிறிதும் பெரிதுமாகக் கட்டிகள் இருக்கும். பெரும்பாலும் சிறுநீரகத்திலும் இருக்கும். இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இந்த வகையில் பெண்களுக்குத்தான் கட்டிகள் அதிகம் பெருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு அவற்றை வளர்க்கிறது. ஆகவே இந்த நோய் உள்ள சகோதரிகள் மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட வேண்டாம். காப்பர்-டி இருக்கிறது, நிரோத் இருக்கிறது. குழந்தை போதும் என்றால் கணவர் வாசெக்டமி செய்துகொள்ளலாம்.

வேறு இரண்டு வகைகளும் உண்டு, இரண்டும் அபூர்வம். ஒன்று, பித்தக் குழாயே பை போல வீங்கிவிடுவது. பெரும்பாலும் சிறு வயதிலேயே, அதிலும் பெண் குழந்தைகளுக்குத்தான் கூடுதலாக, காமாலையும் வயிற்று வலியுமாக வெளிப்படும். திரும்பத் திரும்பக் காமாலை வருகிற குழந்தைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே நாள் கடத்தாதீர்கள், ஸ்கேன் எடுங்கள். மற்றது, நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும், உள்ளே தடுப்புச் சுவர்கள் உள்ள கட்டி. இது புற்றாக மாறக்கூடும் என்பதால் முழுதாக எடுத்துவிடுவார்கள்.

சீழ்க்கட்டி என்பது வேறு சங்கதி. அசுத்தமான நீரில் வரும் அமீபாக் கிருமி குடலிலிருந்து ஈரலுக்கு ஏறி உண்டாக்குவது. ஆண்களுக்கு, அதிலும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதிகம். காய்ச்சல், குளிர், வலது விலாவில் குத்தல் என்று சில நாட்களிலேயே ஆளைப் படுக்கவைத்துவிடும். அந்தச் சீழ் செம்பழுப்பாக இருக்கும். மேல்நாட்டு வைத்தியப் புத்தகங்கள் அதை மீன் சாறு ஒன்றின் நிறத்துக்கு ஒப்பிடுகின்றன. என்ன மீன் என்று பார்த்தால், நம் தூத்துக்குடி நெத்திலிதான்! மெட்ரோனிடசோல் மாத்திரைக்குப் பெரும்பாலும் கேட்டுவிடும். நீர்க்கட்டியோ காய்ச்சல் இல்லாமல் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்வது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

நாய் வழியாக வரும் கட்டி

இதுதான் நாம் முக்கியமாகப் பேச வேண்டியது. நம் நாட்டில் ஆந்திரமும் தமிழ்நாடும் இந்த நோய் கூடுதலாகக் காணப்படும் பகுதிகள் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆடும் நாயும் மனிதனும் நெருங்கி வாழும் இடமெல்லாம் இது உண்டு. நம் மாவட்டமோ வேம்பூர்ப் பொட்டு ஆட்டுக்குப் பேர்போனது. கிடைக்குக் காவல் நாய் இல்லாமல் முடியாது.

நாயின் குடலில் ஒரு நாடாப்புழு வாழ்கிறது. நாடா என்றதும் முழக்கணக்கில் நீளம் என்று எண்ண வேண்டாம். ஓர் அரிசி மணி நீளம்கூட இராது. ஆனால் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. நன்றாகச் சாப்பிடும், வாலை ஆட்டும். புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வருகின்றன, கண்ணுக்குத் தெரியாதவை. புல்லில், மண்ணில், குட்டை நீரில், நாயின் முடியில் ஒட்டிக்கொள்கின்றன. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பல மாதம் உயிரோடு இருக்கும். அந்தப் புல்லை ஆடு மேய்கிறது. முட்டை ஆட்டின் வயிற்றில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு போய் ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி நீர்க்கட்டியாகிறது. ஆட்டை அறுக்கும்போது ஈரலில் வெள்ளைக் கொப்புளம் இருந்தால் அறுப்பவர் அதை வெட்டி நாய்க்கு எறிகிறார். அந்தக் கொப்புளத்துக்குள் மணல் போலக் கிடப்பவை அத்தனையும் புழுவின் தலைகள். நாய் தின்ற ஆறு ஏழு வாரத்தில் அதன் குடலில் புதுப் புழுக்கள் முட்டையிட ஆரம்பித்துவிடும். இப்படி நாய்க்கும் ஆட்டுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நடுவில் மாட்டிக்கொள்கிறவன் மனிதன். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோறு தின்றால், கழுவாத கொத்தமல்லியைத் தூவினால், மண்ணில் விளையாடிய குழந்தை விரலைச் சூப்பினால், ஆட்டின் வயிற்றுக்குப் போன முட்டை நம் வயிற்றுக்கும் போகிறது. பாதிக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்குக் கட்டி ஈரலில்தான். அடுத்தது நுரையீரல்.

"ஏன் சார், ஆட்டு ஈரல் தின்னா வராதா?" என்று கேட்பார்கள். வராது. ஆட்டு ஈரலில் உள்ள கொப்புளத்தால் மனிதனுக்கு இந்த நோய் வருவதில்லை. நாய் மலத்தில் உள்ள முட்டையால்தான் வருகிறது. கொப்புளம் உள்ள பகுதியைத் தின்ன வேண்டாம் என்பது சரியே. ஆனால் நாம் தின்னாமல் நாய்க்குப் போடுவதுதான் ஆபத்து.

அந்த மாமியாரின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மனிதனுக்குள் இருக்கும் கட்டி மனிதனோடு நின்றுவிடும். மனைவியிடமிருந்து கணவனுக்கு வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது, சேர்ந்து படுத்தாலும் வராது. தாய்ப்பாலில் குழந்தைக்குப் போகாது. பிறந்த வீட்டு நோயா, புகுந்த வீட்டு நோயா என்ற வழக்குக்கும் இடமில்லை. முட்டை உள்ளே போனது ஐந்து வயதிலா, கல்யாணமான மறு மாதமா என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி சிலருக்கு வருஷத்துக்கு ஒரு செ.மீ. வளரும், சிலருக்கு வேகமாக வளரும், சிலருக்கு வளராமலே கிடக்கும். நான் இதைச் சொன்ன பிறகு மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எனக்கும் இருக்கலாம்னு சொல்லுதீகளா?" என்றார். இருக்கலாம் ஆச்சி, என்றேன். நாற்பது வருஷம் நாயோடும் ஆட்டோடும் இருந்தவர் அவர்தானே. திண்ணையில் கிடந்த தட்டை அவரே எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வலது விலாவுக்குக் கீழே பாரம், மந்தமான வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது போல இருத்தல், கையால் தொட்டால் தட்டுப்படும் வீக்கம் ஆகியவை பெரிய கட்டியின் அறிகுறிகள். கட்டி பித்தக் குழாய்க்குள் உடைந்தால் காமாலை வரும். சீழ் பிடித்தால் காய்ச்சல் வரும். வயிற்றுக்குள் திடீரென்று உடைந்தால் உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும், மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் மஞ்சளும் வேப்பிலையும் தேடாமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

முதல் பரிசோதனை ஸ்கேன்தான். வலியில்லை, ஊசியில்லை, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் கேடில்லை. நாய் வழிக் கட்டிக்குச் சில அடையாளங்கள் உண்டு. தாய்க்கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் திராட்சைக் கொத்து போல இருக்கும். அல்லது உள்தோல் கழன்று, குளத்தில் அல்லி இலை மிதப்பது போல நீரில் மிதக்கும். உலக சுகாதார நிறுவனம் இதை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை உயிருள்ள தெளிவான கட்டி. ஐந்தாம் நிலை சுண்ணாம்பு படிந்து செத்துப்போன கட்டி. தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ரத்தத்தில் தெரியவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் கையில் ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இப்போது வழக்கொழிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வயிற்றில் வீக்கம் என்றால் எண்ணெய் போட்டு இழுத்து விடுகிறவரிடம் போகாதீர்கள். ஊசி குத்தி நீரை எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டி உடைந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணலும் வயிற்றில் ஒரு புதுக் கட்டியாக முளைக்கும்.

சிகிச்சை

எல்லோருக்கும் கத்தி வைப்பதில்லை. சுண்ணாம்பு படிந்து அடங்கிய கட்டியை வருஷாவருஷம் ஸ்கேனில் பார்த்தால் போதும். ஐந்து செ.மீ.க்கு உட்பட்ட, குட்டிக் கட்டிகள் இல்லாத கட்டிக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கும். அதன் பெயர் அல்பெண்டசோல். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே பூச்சி மாத்திரைதான். ஆனால் அங்கே ஒன்று. இங்கே பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாதக்கணக்கில். பள்ளி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுக் கட்டி கரையும் என்று இருக்கக் கூடாது. எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் இது உடம்பில் நன்றாகச் சேரும். இடையிடையே ரத்தம் எடுத்து ஈரலும் வெள்ளை அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். சிலருக்குத் தலைமுடி கொட்டும். மாத்திரையை நிறுத்தியதும் முளைத்துவிடும்.

பெரிய கட்டிகளில் சிலவற்றுக்கு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் மருந்தை உள்ளே விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி உறிஞ்சிவிடுவார்கள். "ஊசி குத்தாதேன்னு சொன்னீங்களே சார்?" என்பீர்கள். முன்னதாகவே அல்பெண்டசோல் கொடுத்து, ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற டாக்டர் ஆஸ்பத்திரியில் செய்வது இது. குட்டிக் கட்டிகள் நிறைந்ததற்கும், உடைகிற நிலையில் இருப்பதற்கும் ஆபரேஷன்தான் வழி. நம் பக்கத்துக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

தம்பதியர் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அல்பெண்டசோலைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் சாப்பிடக் கூடாது, கருவுக்கு ஆகாது. ஆகவே மனைவிக்கு இந்தச் சிகிச்சை தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு மாதமும் கருத்தடை வேண்டும். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் கலைக்க ஓட வேண்டாம். கட்டி தொல்லை கொடுக்காமல் இருந்தால் பிரசவம் வரை ஸ்கேனில் கண்காணித்து, பிறகு சிகிச்சை செய்வதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆனால் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். ஏழாம் மாத வளைகாப்போடு தாய் வீட்டுக்குப் போகிற பெண், தன் ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே உள்ள நர்சம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கொடை நாளில்

நம் ஊர்களில் கொடை வந்தால் ஒரே நாளில் எத்தனை கிடா விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். வேண்டுதலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. குடலும் கெட்ட ஈரலும் எங்கே போகிறது என்பதைத்தான் கேட்கிறேன். சுற்று வட்டார நாய்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் தோலுரிக்கிற இடத்திலும் இதே கதை.

ஊர்க்கூட்டத்தில் பேசி, கொடைக்கு முன்பே இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டி வையுங்கள். கழிவைப் போட்டு மண் தள்ளி, மேலே உடைமுள்ளை வெட்டிப் போட்டுக் கல் வையுங்கள், நாய் தோண்டாது. நாய்க்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். கொதியில் அந்த மணல் செத்துவிடும். கிடையில் செத்த ஆட்டையும் புதைக்க வேண்டும், ஓடையில் எறியக் கூடாது.

நாய்க்கு மருந்து உண்டு. பிராசிக்வாண்டல் என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சாதாரணக் குடல்பூச்சி மருந்து எல்லாம் இந்த நாடாப்புழுவுக்குக் கேட்காது. கிடை நாய்க்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை டாக்டர் சொல்வார். கொடுத்த பின் இரண்டு நாள் நாயைக் கட்டி வைத்து, அதன் மலத்தை எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு ஐஸ்லாந்து என்ற தீவின் கதையைச் சொல்வேன். அங்கும் ஆடும் நாயும்தான் பிழைப்பு. 1863ல் ஹரால்ட் கிராபே என்பவர் டென்மார்க்கிலிருந்து போய் நூறு நாய்களின் குடலைப் பரிசோதித்தார். 28 நாய்களில் இந்தப் புழு இருந்தது. மறு வருஷம் அவர் எழுதிய சிறு புத்தகம் வீடு வீடாக இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கெட்ட ஈரலைப் புதை, நாய்க்கு மருந்து கொடு, நாயை வீட்டுப் பாத்திரத்தில் நக்கவிடாதே என்பதுதான் அதில் இருந்த சாரம். பிறகு சட்டமும் வந்தது. ஒரு தலைமுறையிலேயே புதிதாக நோய் தொற்றுவது வெகுவாகக் குறைந்து, நாளடைவில் அந்தத் தீவிலிருந்தே நோய் ஒழிந்துவிட்டது. அன்றைக்கு அவர்களிடம் ஸ்கேனும் இல்லை, அல்பெண்டசோலும் இல்லை.

அந்த மருமகளுக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு மாத்திரையும் ஊசிச் சிகிச்சையும் நடந்தன. காப்பர்-டி போட்டுக்கொண்டார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு எடுத்துவிட்டு, இரண்டாவது ஆண் குழந்தை. சிகிச்சை முடிந்தாலும் பல வருஷம் ஸ்கேன் பார்க்க வேண்டும், கட்டி திரும்பி வரக்கூடும் என்பதால். அவருடைய படங்கள் எல்லாம் ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியில், தேதி வாரியாக இருக்கின்றன. போன கொடைக்கு நான் போனபோது குழி வெட்டி முள்ளும் தயாராக இருந்தது. மாமியார்தான் கம்போடு பக்கத்தில் உட்கார்ந்து நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார்.